கரண்ட் போய் வந்தால் பில்லிங் சர்வர் அடுத்த கம்ப்யூட்டருக்குக் கிடைக்கவில்லை (எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ், எரர் 26)

குலசேகரம் டிப்போ:

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கும் கம்ப்யூட்டரும் நான்தான் பார்க்கிறேன். பில்லிங் சாப்ட்வேர் எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் 2019-இல் (மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ்) ஓடுகிறது. உள் அறையில் இருக்கிற கம்ப்யூட்டர்தான் சர்வர். எடை போடும் இடத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே ரூட்டரில், வயர் இழுத்து இணைத்தது.

சர்வரில் உட்கார்ந்து பில் போட்டால் எப்போதும் சிக்கல் இல்லை. எடைக் கம்ப்யூட்டரில்தான் தகராறு. நாள் முழுக்க நன்றாக ஓடும், இடி மழைக்குக் கரண்ட் போய் வந்ததும் சர்வரையோ இன்ஸ்டன்ஸையோ (அதில் ஓடுகிற டேட்டாபேஸ் சர்வீஸ்) கண்டுபிடிக்க முடியவில்லை, எரர் 26 என்று நின்றுவிடும். சில நேரம் ரூட்டரை அணைத்துப் போட்டால் வரும், சில நேரம் அதற்கும் மசியாது. ஐப்பசியில் எங்கள் பக்கம் கரண்ட் எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மழையில் பால்வெட்டு இல்லாவிட்டாலும் வீட்டில் காய்ந்து கிடக்கிற ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள், நான் துண்டுச் சீட்டில் எடையை எழுதிக் கொடுத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து ஏற்றுவேன்.

சாப்ட்வேர் கொடுத்தவர்களைக் கேட்டால் நெட்வொர்க்கில் கோளாறு என்கிறார்கள், நெட்வொர்க் போட்டவரைக் கேட்டால் சாப்ட்வேரில் கோளாறு என்கிறார்.

இன்னொன்று: மார்த்தாண்டத்தில் கிளை திறக்கப் போகிறோம். அங்கிருந்தும் இதே டேட்டாபேஸில் பில் போட வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். அதற்கு என்ன வழி?

பழையாறு:

தம்பி, சர்வரில் உட்கார்ந்தால் ஓடுகிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதே கம்ப்யூட்டருக்குள் இருந்து கூப்பிடும்போது வழக்கமாக ஷேர்டு மெமரி வழியாகவே வேலை முடிந்துவிடும், நெட்வொர்க் பக்கமே போகாது. எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவும்போது டி.சி.பி./ஐ.பி. (நெட்வொர்க் வழியாகப் பேசுகிற முறை) தானாக அணைந்துதான் இருக்கும், அப்படி இருந்தாலும் சர்வரில் பில் விழும். உங்களுக்கு எடைப் பக்கம் சில நேரம் கிடைக்கிறது என்றால் யாரோ அதை ஆன் செய்து வைத்திருக்கிறார்கள். அதுவரை சரி.

எரர் 26-இன் அர்த்தம் இதுதான். உங்கள் சாப்ட்வேரின் கனெக்ஷன் ஸ்டிரிங்கில் (எந்த டேட்டாபேஸுக்குப் போக வேண்டும் என்று சொல்கிற வரி) சர்வர் கம்ப்யூட்டரின் பெயர், சாய்கோடு, எஸ்.கியூ.எல்.எக்ஸ்பிரஸ் என்று இருக்கும், பாருங்கள். இப்படிப் பெயர் வைத்த இன்ஸ்டன்ஸ் எந்தப் போர்ட்டில் (கம்ப்யூட்டருக்குள் நுழைகிற எண் போட்ட வாசல்) இருக்கிறது என்று கிளையண்டுக்குத் தெரியாது. அதனால் முதலில் யு.டி.பி. (டி.சி.பி. மாதிரி இன்னொரு முறை) 1434-இல் எஸ்.கியூ.எல். சர்வர் பிரவுசர் என்ற சர்வீஸைக் கேட்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நாம் விசாரணைக் கவுண்டரில் கேட்டுவிட்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிற மாதிரி, அது போர்ட் எண்ணைச் சொன்ன பிறகுதான் டி.சி.பி.யில் டேட்டாபேஸிடம் போகும். அந்த முதல் கேள்விக்கே பதில் வரவில்லை என்பதுதான் 26. ஆக டேட்டாபேஸ் வரைக்கும் நீங்கள் போகவே இல்லை. பாஸ்வேர்டை மாற்றுவது, சாப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் செய்வது எதுவும் இதற்கு மருந்தாகாது.

சரி, கரண்ட் போய் வந்தால் மட்டும் ஏன்? எனக்கு முதல் சந்தேகம் ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற காவல்) மேல். ரூட்டர் எழுந்து வருவதற்கு முன்னால் சர்வர் பூட் ஆகிவிட்டால் விண்டோஸுக்கு எந்த நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்று பிடி கிடைக்காது, அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று வைத்து பப்ளிக் கணக்கில் சேர்த்துவிடும். உங்கள் ஃபயர்வால் விதி பிரைவேட்டுக்கு மட்டும் எழுதியிருந்தால் அந்த நிமிஷம் முதல் கதவு மூடியாச்சு. அடுத்த சந்தேகம், சர்வரின் ஐ.பி. மாறிப் போவது. ரூட்டர் டி.எச்.சி.பி.யில் (தானாக ஐ.பி. பங்கிடுகிற முறை) கொடுக்கிற எண் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பிரவுசர் சர்வீஸ் தானாகத் தொடங்காமல் கிடப்பதும் உண்டு.

அடுத்த முறை நின்றால் எதையும் அணைத்துப் போடாமல் முதலில் சர்வரில் நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து பப்ளிக்கா பிரைவேட்டா என்று பாருங்கள், ஐ.பி. என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள், சர்வீஸ் பட்டியலில் பிரவுசர் ஓடுகிறதா பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் போய்விடும்.

குலசேகரம் டிப்போ:

அண்ணா, இன்றைக்கு மத்தியானம் மழைக்கே பார்த்துவிட்டேன். பப்ளிக் என்றுதான் இருந்தது. ஐ.பி.யும் பழைய 192.168.1.10 இல்லை, 192.168.1.14 ஆகியிருக்கிறது. பிரவுசர் சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிரைவேட்டுக்கு மாற்றியதும் எடைக் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் நான் போய் இதை மாற்றிக்கொண்டிருக்க முடியாதே. நிரந்தரமாக என்ன செய்வது?

பழையாறு:

நிரந்தர வழி, பிரவுசரைக் கேட்கிற வேலையையே இல்லாமல் செய்வது.

ரூட்டரில் சர்வரின் மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 192.168.1.10-ஐ ரிசர்வ் செய்யுங்கள். பிறகு சர்வரில் எஸ்.கியூ.எல். சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர். ஸ்டார்ட் மெனுவில் கிடைக்காவிட்டால் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், ரன் பெட்டியில் எஸ்கியூஎல்சர்வர்மேனேஜர்15.எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் வரும் (15 என்பது 2019-க்கு, 2022 என்றால் 16). அதில் எஸ்.கியூ.எல்.எக்ஸ்பிரஸ் புரோட்டோகால்கள், டி.சி.பி./ஐ.பி., ஐ.பி. அட்ரஸஸ் டேப். மேலே ஒவ்வொரு ஐ.பி.க்கும் தனித்தனியாகப் பெட்டிகள் வரிசையாக வரும், அவற்றைத் தொடாமல் கடைசி வரை இறங்குங்கள், ஐ.பி.ஆல் என்று ஒன்று இருக்கும். அதில் டைனமிக் போர்ட்ஸ் பெட்டியில் இருக்கிற எண்ணை அழித்து வெறுமையாக விடுங்கள். 0 என்று போட்டால் டைனமிக் என்றுதான் அர்த்தம், ஆகவே 0-வும் இருக்கக் கூடாது. கீழே டி.சி.பி. போர்ட்டில் 1433. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் இதெல்லாம் நடைமுறைக்கு வரும்.

ஃபயர்வாலில் டி.சி.பி. 1433-க்கு ஒரு இன்பவுண்ட் விதி எழுதுங்கள். எல்லா புரொஃபைலுக்கும் டிக் செய்யலாம், ஆனால் ஸ்கோப் டேபில் ரிமோட் அட்ரஸாக 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்குகிற எல்லா ஐ.பி.யும்) மட்டும். இப்படி எழுதினால் விண்டோஸ் அதைப் பப்ளிக் என்று நினைத்தாலும் உங்கள் கடைக்குள் இருப்பவர்களுக்கு வழி திறந்தே இருக்கும்.

கடைசியாக எடைக் கம்ப்யூட்டரின் கனெக்ஷன் ஸ்டிரிங்கில் சர்வர் என்ற இடத்தில் 192.168.1.10,1433 என்று போடுங்கள். கமா. முக்காற்புள்ளி இல்லை. மற்ற டேட்டாபேஸ்களில் பழகியவர்கள் முக்காற்புள்ளி போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுவார்கள். போர்ட் எண்ணைக் கொடுத்துவிட்டால் கிளையண்ட் பிரவுசரிடம் போகவே போகாது, 26 என்ற எரருக்கே இடமில்லை.

சாப்ட்வேரைத் தொடாமல் சோதிக்க ஒரு வழி: எடைக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் வெறும் நோட்பேட் ஃபைல் ஒன்றை உண்டாக்கி, டி.எக்ஸ்.டி. என்ற வாலை யு.டி.எல். என்று மாற்றி டபுள் கிளிக் செய்யுங்கள். கனெக்ஷன் சோதிக்கிற ஜன்னல் திறக்கும். விண்டோஸ் வாலை மறைத்து வைத்திருக்கும், அதை முதலில் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐகான் நோட்பேடாகவே இருக்கும்.

தோவாளைக்காரி:

இதைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் எஸ்.கியூ.எல். சர்வர் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் நடுவில் நுழைகிறேன். நான் பூ மார்க்கெட் கமிஷன் கடை ஒன்றுக்கு போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பார்க்கிறேன், லினக்ஸில். சங்கதி அதேதான், பூட்டு இருக்கிற இடம் வேறு.

போஸ்ட்கிரஸில் லிசன்_அட்ரஸஸ் (எந்த முகவரியில் காது கொடுக்கும் என்கிற செட்டிங்) ஆரம்பத்தில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கம்ப்யூட்டர் மட்டும், போர்ட் 5432. அதைத் திறந்துவிட்டாலும் போதாது, பிஜி_எச்பிஏ ஃபைலில் எந்த ஐ.பி.யில் இருந்து எந்த யூசர் எந்த டேட்டாபேஸுக்கு வரலாம் என்று வரி இருக்க வேண்டும். அந்த ஃபைல் மேலிருந்து கீழே படிக்கப்படும், முதலில் பொருந்துகிற வரிதான் தீர்ப்பு. அந்த வரியில் பாஸ்வேர்ட் தப்பாகிப் போனால் அடுத்த வரியைப் பார்க்கலாம் என்கிற சலுகை கிடையாது. ஆகவே கீழே எவ்வளவு அழகாக எழுதினாலும் மேலே ஒரு பரந்த வரி உட்கார்ந்திருந்தால் வீண். பிஜி_எச்பிஏவை மாற்றினால் ரீலோட் போதும், லிசன்_அட்ரஸஸை மாற்றினால் ரீஸ்டார்ட் வேண்டும். மைஎஸ்கியூஎல்காரர்களுக்கு அதே வேலைக்கு பைண்ட்-அட்ரஸ், போர்ட் 3306, கூடவே யூசரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஹோஸ்ட். அங்கே யூசர் என்பது பெயரும் வருகிற இடமும் சேர்ந்தது, லோக்கல்ஹோஸ்டுக்கு உண்டாக்கிய யூசர் வேறு கம்ப்யூட்டரில் இருந்து வந்தால் அவருக்குக் கணக்கே இல்லை.

எரரை வைத்துப் பிரிப்பதும் எளிது. கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்று உடனே வந்தால் அந்த மெஷின் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. வெகு நேரம் சுற்றி டைம்அவுட் என்றால் வழியில் ஃபயர்வால் விழுங்கிவிட்டது, அல்லது அந்த ஐ.பி.யில் மெஷினே இல்லை. இது லினக்ஸ் சர்வருக்குப் பொருந்தும். விண்டோஸ் ஃபயர்வால் பதில் சொல்லாமல் அமுக்கிவிடுகிற வகை, அங்கே இரண்டுமே டைம்அவுட்டாகத் தெரியும்.

குலசேகரம் டிப்போ:

பழையாறு அண்ணா சொன்னபடி எல்லாம் செய்தாச்சு. சர்வரில் மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டுப் பார்த்தேன், எடைப் பக்கம் உடனே வந்துவிட்டது.

ஆனால் யு.டி.எல். சோதனைக்காக எடை கவுண்டருக்கென்று ஒரு தனி லாகின் உண்டாக்கினேன், அதில் டேட்டாபேஸ் பெயரைக் கொடுத்தால் லாகின் ஃபெயில்டு, 18456. பாஸ்வேர்ட் சரிதான், நோட்பேடில் அடித்து ஒட்டினேன்.

பழையாறு:

18456 வந்தால் சந்தோஷப்படுங்கள். நெட்வொர்க் முடிந்தது, இனி டேட்டாபேஸுக்குள் பேச வேண்டியதுதான்.

கிளையண்ட் காட்டுகிற செய்தியில் ஸ்டேட் 1 என்றுதான் எப்போதும் இருக்கும், வெளியாளுக்குக் காரணம் தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே மறைக்கிறார்கள். உண்மையான ஸ்டேட் எண் சர்வரின் எரர்லாக் ஃபைலில் இருக்கும். 5 என்றால் அப்படி ஒரு லாகினே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்ட் தப்பு. 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கிற நிலையில் இருக்கிறது. 38 என்றால் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. உங்கள் சாப்ட்வேர் எஸ்.கியூ.எல். லாகினில் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் 58 இல்லை. 38 ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். லாகின் உண்டாக்கியது சர்வர் வாசல் வரைக்கும். அந்த டேட்டாபேஸுக்குள் அந்த லாகினுக்கு ஒரு யூசரை மேப் செய்ய வேண்டும், லாகின் பிராப்பர்ட்டீஸில் யூசர் மேப்பிங் என்று இருக்கும்.

நீங்களாக ஏதாவது ரிப்போர்ட் எழுத புது ஓ.டி.பி.சி. டிரைவர் 18 (டேட்டாபேஸோடு பேச உதவுகிற டிரைவர்) போட்டால் இன்னொன்று வரும், சர்டிபிகேட் (சர்வரின் அடையாளச் சான்று) நம்பகமான இடத்தில் இருந்து வரவில்லை என்று. 18-இல் இருந்து என்கிரிப்ஷன் தானாகவே ஆன். முறையாகச் செய்வதென்றால் சர்வருக்கு ஒரு சர்டிபிகேட் போடுங்கள். கடைக்குள் மட்டும் ஓடுகிற ஒற்றை வயருக்கு டிரஸ்ட் சர்வர் சர்டிபிகேட்டை யெஸ் ஆக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம், என்கிரிப்ஷனையே அணைப்பதைவிட அது மேல்.

தக்கலை நெட்:

மார்த்தாண்டம் கிளைக்கு இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது மக்கா? ரூட்டரில் 1433-ஐ 192.168.1.10-க்கு போர்ட் ஃபார்வர்டு (வெளியில் இருந்து வருவதை அங்கே திருப்பிவிடுவது) செய்துவிட்டு, கிளையில் வெளி ஐ.பி.யைப் போட்டால் வேலை முடிந்தது. நிறையக் கடைகளில் அப்படித்தான் ஓடுகிறது.

முப்பந்தல் காற்று:

ஓடுகிறது, யார் யாருக்கெல்லாம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

1433-ஐ இன்டர்நெட்டில் திறந்து வைத்துவிட்டு எரர்லாகைப் பாருங்கள். எஸ்.ஏ. என்ற தலைமை நிர்வாக லாகினுக்கு எங்கிருந்தெல்லாமோ பாஸ்வேர்ட் அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ராத்திரி பகல் கிடையாது. பில்லிங் சாப்ட்வேர் கொடுப்பவர்களில் சிலர் எல்லாக் கடைக்கும் எஸ்.ஏ.க்கு ஒரே பாஸ்வேர்டைப் போட்டு வைக்கிற வழக்கமும் இருக்கிறது. எஸ்.ஏ. கிடைத்தால் டேட்டா மட்டும் போகாது, அந்தக் கம்ப்யூட்டரிலேயே கமாண்ட் ஓட்டலாம். கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள்.

போர்ட்டைத் திறந்து வைப்பதால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் 2003 ஜனவரி 25-இல் பரவிய ஸ்லாமர் என்ற கணினிப் புழு (வார்ம்). மேலே அண்ணன் சொன்ன அதே யு.டி.பி. 1434 வழியாகத்தான், எஸ்.கியூ.எல். சர்வர் 2000-இல் இருந்த ஓட்டையில் நுழைந்தது. ஒரே ஒரு சின்ன பாக்கெட், பாஸ்வேர்டும் தேவையில்லை. சிக்கக்கூடிய மெஷின்களில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டது. அதற்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்திருந்தது, போட்டவர்கள்தான் குறைவு.

இன்னொரு சங்கதி, ஃபார்வர்டு செய்தாலும் உங்களுக்கு ஓடாமல் போகலாம். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐ.பி.யை (இன்டர்நெட் பக்கத்து ஐ.பி.) பாருங்கள். அது 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தாலோ 10-இல் தொடங்கினாலோ உங்களுக்கென்று வெளி ஐ.பி. இல்லை, கனெக்ஷன் கொடுத்தவர் பல வீடுகளை ஒரே ஐ.பி.க்குப் பின்னால் வைத்திருக்கிறார். வெளியில் இருந்து வருகிறது எதுவும் உங்கள் ரூட்டரை எட்டாது.

வி.பி.என். (இன்டர்நெட் வழியாக இரண்டு இடத்தை இணைக்கிற பூட்டிய தனி வழி) போடுங்கள். ஏதாவது ஒரு பக்கம் நிலையான வெளி ஐ.பி. இருந்தால் வயர்கார்டு போதும். இரண்டு பக்கமும் இல்லையென்றால் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று, இரண்டு மெஷினிலும் நிறுவி லாகின் செய்தால் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். இரண்டு இடத்திலும் ரூட்டர் 192.168.1 என்றே இருந்தால்கூடக் குழப்பம் வராது, ஏனென்றால் ஒவ்வொரு மெஷினுக்கும் அதுவே தனி ஐ.பி. கொடுக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: பழையாறு சொன்ன ஃபயர்வால் விதியில் 192.168.1.0/24 மட்டும்தான் இருக்கிறது, கிளை மெஷினுக்குக் கிடைத்த வி.பி.என். ஐ.பி.யையும் ஸ்கோப்பில் சேர்த்தால்தான் அது உள்ளே வரும்.

தக்கலை நெட்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வி.பி.என். போட்டு டேட்டாபேஸை நேராகக் கூப்பிட்டால் இந்த வகைச் சாப்ட்வேர் ஆமை வேகத்தில்தான் ஓடும், அதையும் சொல்லிவிடுங்கள்.

முப்பந்தல் காற்று:

அது நியாயமான பேச்சு. கடைக்குள் ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. கிளையில் இருந்து 40 மில்லிசெகண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் திரையைத் திறக்கும்போது சாப்ட்வேர் ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு கேள்வி என்று 300 கேள்வி கேட்டால் 12 செகண்டு போச்சு. நெட் வேகத்தை 100 எம்.பி.யில் இருந்து 300 ஆக்கினாலும் இது குறையாது, போய்வருகிற நேரம்தான் காரணம். எழுதினவர்கள் ஒரே கேள்வியில் கேட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை, ஆனால் அவர்களிடம் போய் யார் சொல்வது.

அதனால் மார்த்தாண்டத்தில் டேட்டாபேஸைக் கூப்பிடாமல், வி.பி.என். வழியாகக் குலசேகரத்துக் கம்ப்யூட்டர் ஒன்றை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்து பில் போடுவது நல்லது. திரை மட்டும்தான் போய் வரும், கேள்வியெல்லாம் கடைக்குள்ளேயே முடியும். நடுவில் நெட் போனாலும் பாதியில் நின்ற பில் அங்கே அப்படியே இருக்கும்.

குலசேகரம் டிப்போ:

எரர்லாகில் 38 என்றுதான் இருந்தது, மேப் செய்ததும் சரியாகிவிட்டது. வேன் ஐ.பி. 100.7-ஏதோ என்று தொடங்குகிறது, ஆகவே போர்ட் ஃபார்வர்டு பேச்சுக்கே இடமில்லை. ரிமோட் டெஸ்க்டாப் என்றால் சர்வரிலேயே நுழையலாமா? அங்கே பகலில் முதலாளி உட்கார்ந்திருப்பார்.

பழையாறு:

கூடாது தம்பி. விண்டோஸ் 10, 11 புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கிளையில் இருந்து நுழைந்த நிமிஷம் முதலாளியின் திரை பூட்டிக்கொள்ளும், அவர் திறந்தால் கிளை வெளியே வந்துவிடும். ஹோம் பதிப்பு என்றால் வெளியில் இருந்து நுழையவே முடியாது. கிளைக்கென்று ஒரு பழைய புரோ கம்ப்யூட்டரைக் கடையின் உள் அறையில் யு.பி.எஸ்.ஸோடு வைத்துவிடுங்கள், மானிட்டர்கூட வேண்டாம். அதில் சர்வர் என்ற இடத்தில் அதே 192.168.1.10,1433.

100.7-ஏதோ என்கிறீர்களே, இரண்டாவது எண்ணை முழுசாகப் பாருங்கள். 7 என்றே இருந்தால் அது நிஜ வெளி ஐ.பி., 70, 75 மாதிரி என்றால்தான் முப்பந்தல் சொன்ன கணக்கு. எதுவானாலும் 1433-ஐத் திறக்காதீர்கள், ஆனால் வயர்கார்டா டெயில்ஸ்கேலா என்பது அதைப் பொறுத்தது. பில்லுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளையைத் திறங்கள், படமாக மாற்றி அனுப்பி இழுத்தடிக்கிற வழக்கம் அதற்கு உண்டு.